வில்லையின் கூர்மையும் அதன்மேல் பொறித்த பெயரும்

1963ஆம் ஆண்டில் நிக்கான் நிறுவனம் 43 மி.மீ. முதல் 86 மி.மீ. வரை குவியத் தொலைவு மாறும் ஜூம் வில்லை ஒன்றை வெளியிட்டது. ஒன்பது கண்ணாடி உறுப்புகள், எஃப் 3.5 ஒளித்துளை, கையடக்கமான உருவம். ஒரே வில்லையோடு ஊர் சுற்ற விரும்பியோர் அதனைப் பெருவிருப்போடு வாங்கினர். ஆயினும் அது தந்த படங்களின் ஓரங்கள் மங்கிக் கிடந்தன. கட்டடங்களின் நேர்க்கோடுகள் வளைந்து நின்றன. அக்காலத்திலேயே நிக்கான் என்பது செய்திப்படக் கலைஞர்கள் மதித்த பெயர். அந்தப் பெயரால் அந்த ஓரங்களைக் கூர்மையாக்க இயலவில்லை. 1970களில் உறுப்புகளைப் பதினொன்றாக்கி வடிவமைப்பைப் புதுக்கிய பின்னரே அவ்வில்லை தேறியது.

நிக்கானின் அந்த வில்லைக்கு நான்காண்டுகள் முன்னர், 1959இல், முப்பத்தைந்து மில்லிமீட்டர் நிழற்படக் கருவிக்கென முதல் ஜூம் வில்லை வந்தது. 36 மி.மீ. முதல் 82 மி.மீ. வரை மாறும் எஃப் 2.8 வில்லை அது. செருமனியின் ஃபோக்ட்லாண்டர் நிறுவனப் பெயர் அதனோடு சேர்ந்திருந்தது. அதனை வகுத்தவரோ அமெரிக்காவில் ஜூமார் நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் பேக். அதை உருவாக்கிக் கொடுத்தது மியூனிக்கின் கில்ஃபிட் தொழிற்கூடம். பெயர் ஒருவருடையது, அறிவு மற்றொருவருடையது, கைத்திறன் வேறொருவருடையது என்னும் நிலை பொதுப்பயன் ஜூம் வில்லை பிறந்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

இன்று படக்கருவி வாங்குவோர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ளும் வினாவுக்கு இந்த வரலாறு நல்ல பின்புலம். படக்கருவியைச் செய்த நிறுவனமே செய்த வில்லையைத் தன்னிறுவன வில்லை என்றும், அக்கருவிக்குப் பொருந்துமாறு பிறர் செய்வதைப் பிறநிறுவன வில்லை என்றும் இங்கே வழங்குவோம். 24 மி.மீ. முதல் 70 மி.மீ. வரை மாறுகின்ற, எங்கும் எஃப் 2.8 துளை தாங்குகின்ற வில்லைதான் இத்துறையின் உழைப்பாளி. திருமண மண்டபம், மேடை, தெரு, குடும்பப் படம் என எல்லாவற்றுக்கும் அதுவே முதலில் கருவியில் ஏறுகிறது. அந்த ஒரு வில்லைக்குத் தன்னிறுவனத்தார் கேட்கும் விலையில் ஏறத்தாழப் பாதிக்குப் பிறநிறுவன வில்லை கிடைக்கிறது. எஞ்சிய பாதிப்பணம் கூர்மைக்காகக் கொடுக்கப்படுகிறதா? இல்லை என்பதே என் துணிபு. கூர்மை ஒரு வடிவமைப்புக்கும், தேர்ந்த துளைக்கும், கையிலுள்ள ஓர் உருப்படிக்கும், குவியம் விழுந்த இடத்துக்கும் உரிய பண்பு. நிறுவனப் பெயரைக் கொண்டு அதனைக் கணிக்க முயல்வோர் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வந்து சேர்கின்றனர்.

கூர்மை என்று நாம் சொல்வதை முதலில் அளவிடத்தக்க ஒன்றாக ஆக்கிக்கொள்ள வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் கோடுகளை ஒரு வில்லை உணரியின்மீது வீழ்த்துவதாகக் கொள்வோம். கோடுகள் அகலமாக இருக்கையில் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் விழும். கோடுகள் நெருங்க நெருங்க, வெள்ளையின் ஒளி கறுப்பிற்குள் கசியும். இரண்டும் சாம்பல் நிறத்தை நோக்கி நகரும். மில்லிமீட்டருக்கு இத்தனை இணைக்கோடுகள் என்னும் நெருக்கத்தில் மூல வேறுபாட்டில் எத்தனை விழுக்காடு எஞ்சுகிறது என்பதே வேறுபாட்டுக் கடத்தல் அளவு. வில்லை நிறுவனங்கள் வெளியிடும் வரைபடங்களில் வழக்கமாக மில்லிமீட்டருக்கு 10 இணைக்கோடுகளுக்கு ஒரு வளைவும் 30 இணைக்கோடுகளுக்கு ஒரு வளைவும் இருக்கும். முன்னது படத்தின் பளிச்சென்ற தெளிவைக் காட்டுவது; பின்னது இமைமயிர், இலைநரம்பு, துணியின் இழை போன்ற நுண்விவரத்தைக் காட்டுவது. கிடையச்சு படத்தின் நடுவிலிருந்து மூலைவரை, அதாவது முழுச்சட்ட உணரியில் ஏறத்தாழ 21.6 மி.மீ. வரை செல்லும். ஒவ்வோர் அளவுக்கும் ஆரத்திசைக் கோடுகளுக்கு ஒரு வளைவும் தொடுதிசைக் கோடுகளுக்கு ஒரு வளைவும் உண்டு. இவ்விரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்லும் இடத்தில் மூலைகளின் விவரம் ஒரு திசையில் இழுபட்டுத் தெரியும்.

இந்த வரைபடங்களைப் படிப்போர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். பெரும்பாலானவை கணினியில் கணக்கிடப்பட்டவை. கண்ணாடி பிழையின்றி அரைக்கப்பட்டு, பிழையின்றி அடுக்கப்பட்டால் கிடைக்கக்கூடிய கூர்மையை அவை காட்டும். கடைக்காரர் பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் வில்லையைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. உண்மையான வில்லையை அளந்து வரைபடம் வெளியிடும் மரபை ஸைஸ் போன்ற சிலரே காத்து வருகின்றனர். பிறரும் அதனைப் பின்பற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இத்துணை விலை கொடுப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

ஒரு புள்ளியிலிருந்து வந்த ஒளியெல்லாம் மீண்டும் ஒரு புள்ளியிலேயே கூடினால் வில்லைக்குக் குறையில்லை. கோளப்பரப்புடைய கண்ணாடி அவ்வாறு கூட்டுவதில்லை. லுட்விக் சைடல் என்னும் செருமானிய அறிஞர் 1850களில் இக்குறைகளை ஐந்தாக வகுத்துக் கணித முறையில் எழுதிவைத்தார். கோளப் பிறழ்ச்சி, வால்மீன் பிறழ்ச்சி, புள்ளிக் குவியாமை, புல வளைவு, உருத்திரிபு என்பன அவை. நிறத்துக்கு நிறம் ஒளி வேறுபட்டு விலகுவதால் விளையும் நிறப் பிறழ்ச்சிகள் இரண்டு இவற்றோடு சேரும். பெயர்களை நினைவில் வைப்பதைவிட இவை துளையின் அளவோடு எவ்வாறு மாறுகின்றன என்பதை அறிவதே பயன் மிக்கது; வில்லைகளை ஒப்பிடுவோர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அதில் இருக்கிறது.

கோளப் பிறழ்ச்சியால் புள்ளி விரியும் அளவு, துளை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைத் தொடர்ந்து செல்லும். எஃப் 2.8இலிருந்து எஃப் 5.6க்குத் துளையைச் சுருக்கினால் விட்டம் பாதியாகும். புள்ளியின் விரிவு எட்டில் ஒன்றாகும். வால்மீன் பிறழ்ச்சி விட்டத்தின் இருமடியைத் தொடர்வது. அதே சுருக்கத்தில் அது நான்கில் ஒன்றாகும். புள்ளிக் குவியாமையும் புல வளைவும் தரும் மங்கல் பாதியாகவே குறையும். உருத்திரிபும், படத்தின் ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாகக் கரை கட்டும் பக்க நிறப் பிறழ்ச்சியும் துளையை எவ்வளவு சுருக்கினும் அசைவதில்லை. துளை முழுதும் திறந்திருக்கையில் இரு வில்லைகளின் நடுப்பகுதி வெகுவாக வேறுபட்டு, எஃப் 5.6இல் ஒன்றுபோலவே தோன்றுவதற்குக் காரணம் இந்த மும்மடிக் கணக்கே. நடுப்பகுதி ஒத்துப்போன பின்னும் மூலைகளில் வேறுபாடு எஞ்சி நிற்பதற்குக் காரணம், மூலைகளை ஆளும் குறைகள் மெல்லவே குறைவன அல்லது குறையவே குறையாதன என்பது.

துளையைச் சுருக்கச் சுருக்க மற்றொரு வரம்பு எதிரே வருகிறது. அது ஒளியின் அலைத்தன்மையால் விளையும் விளிம்பு விளைவு. ஜார்ஜ் பிடெல் ஏரி 1835இல் காட்டியவாறு, குறையே இல்லாத வில்லையும் புள்ளியை ஒரு சிறு வட்டாகவே வரையும். பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம் எஃப் 2.8இல் ஏறத்தாழ 3.8 மைக்ரான், எஃப் 5.6இல் 7.5, எஃப் 8இல் 10.7, எஃப் 16இல் 21.5. இன்றைய 6.1 கோடி படப்புள்ளி கொண்ட முழுச்சட்ட உணரியில் ஒரு படப்புள்ளியின் அகலமும் 3.8 மைக்ரானே. 2.4 கோடி படப்புள்ளி உணரியில் அது 6 மைக்ரான். எனவே எஃப் 16இல் படமெடுத்துவிட்டு இந்த வில்லை கூர்மையா, அந்த வில்லை கூர்மையா என்று பார்ப்பதில் பொருளில்லை. இரண்டையும் மங்கச் செய்வது ஒரே இயற்கை விதி. பிறழ்ச்சி பெரிதும் குறைந்தும் விளிம்பு விளைவு இன்னும் ஓங்காமலும் இருக்கும் இடைநிலை இத்தகைய வில்லைகளுக்குப் பொதுவாக எஃப் 4க்கும் எஃப் 5.6க்கும் நடுவே அமைகிறது. எஃப் 8இல் மலையையும் கோபுரத்தையும் படமெடுப்பவர் இருமடங்கு விலை கொடுத்துப் பெறுவது என்ன என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எஃப் 2.8இல்தான் பொறியாளர்களின் போட்டி நிகழ்கிறது. அங்கே கோளப் பிறழ்ச்சி உச்சத்தில் இருக்கும். விளிம்பு விளைவு மிகச் சிறிதாக இருக்கும். வடிவமைப்பின் தரம் அங்கேதான் வெளிப்படும். ஜூம் வில்லைக்கு இது மேலும் கடினம். ஒரே குவியத் தொலைவுக்குச் செய்யும் வில்லையில் எல்லா உறுப்புகளும் ஓர் அடுக்கில் நின்று ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். ஜூம் வில்லையிலோ தொகுதிகள் முன்னும் பின்னும் நகர்கின்றன. 24 மி.மீட்டரில் ஒன்றையொன்று ஈடுசெய்த குறைகள் 70 மி.மீட்டரில் ஒன்றோடொன்று கூடிவிடக்கூடும். அவ்வாறு கூடாமல் காப்பதற்கே கோளமல்லாப் பரப்புகளும் நிறம் குறைவாகப் பிரிக்கும் கண்ணாடிகளும் தேவைப்படுகின்றன. இவை எந்த ஒரு நிறுவனத்துக்கும் தனியுரிமையானவை அல்ல. ஓஹாரா, ஹோயா போன்ற கண்ணாடி நிறுவனங்கள் பலருக்கும் ஒளியியல் கண்ணாடி வழங்குகின்றன. கதிர்களைத் தடம்பற்றிக் கணக்கிடும் மென்பொருளும் எல்லார்க்கும் கிடைக்கிறது. டாம்ரான் 1950இலும் சிக்மா 1961இலும் தொடங்கப்பட்டவை. இரண்டும் யப்பானில் தலைமுறை தலைமுறையாக வில்லை அரைப்போரைப் பயிற்றிய நிறுவனங்கள். அவற்றைப் போலி செய்வோர் போல எண்ணும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருப்பது வருத்தத்துக்குரியது.

சோனி முழுச்சட்டக் கருவிகளுக்கான வில்லைகளை எடுத்துக்கொள்வோம். ஒப்பீட்டுக்கு இதைவிட நல்ல களம் இல்லை. 2011இல் சோனி தன் இ வகைப் பொருத்துவளையத்தின் அடிப்படை விவரங்களைப் பிற வில்லை நிறுவனங்களுக்குத் திறந்துவைத்தது. 2016இல் சோனியின் 24–70 எஃப் 2.8 ஜி மாஸ்டர் வந்தது. எடை 886 கிராம். அமெரிக்க விலை ஏறத்தாழ 2,200 டாலர். 2018இல் டாம்ரான் 28–75 எஃப் 2.8 வில்லையை 550 கிராமில், 800 டாலருக்குக் கொடுத்தது. 2019இல் சிக்மா 24–70 எஃப் 2.8 ஆர்ட் வில்லையை 1,100 டாலருக்குக் கொணர்ந்தது. அதில் 19 உறுப்புகள், 15 தொகுதிகள். இந்தச் சிக்மா, விலையில் பாதியாக இருந்தும், கூர்மையில் சோனியின் முதற்பதிப்புக்கு இணையாகவும் சில இடங்களில் மேலாகவும் நின்றது என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 2021இல் டாம்ரான் தன் வில்லையை முற்றிலும் புதுக்கி இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. 2022இல் சோனியும் 695 கிராம் எடையில், 20 உறுப்புகளோடு இரண்டாம் ஜி மாஸ்டரைக் கொணர்ந்து, முழுத்துளைக் கூர்மையில் மீண்டும் முன்னேறியது. 2024இல் சிக்மாவின் இரண்டாம் பதிப்பு வந்தது.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். எந்தக் காலத்திலும் கூர்மையானது பெரும்பாலும் பின்னர் வந்த வில்லையே. தன்னிறுவனம், பிறநிறுவனம் என்னும் பிரிவைவிட, எந்த ஆண்டில் வகுக்கப்பட்டது என்னும் வினா மிகுதியான விடை தருகிறது. ஆறாண்டுக்கு முந்தைய தன்னிறுவன வில்லையை அதன் பெயருக்காக வாங்குபவர், புதிய பிறநிறுவன வில்லையின் கூர்மையை இழந்து நிற்கக்கூடும்.

டாம்ரான் எங்ஙனம் இத்துணைச் சிறிய, எடைகுறைந்த வில்லையில் நல்ல கூர்மையைக் கொண்டுவந்தது? 24 மி.மீ. என்னும் தொடக்கத்தை விட்டுக்கொடுத்து 28இல் தொடங்கியதே அதன் பெரும் பகுதி விடை. நான்கு மில்லிமீட்டர் என்பது கேட்கச் சிறிது. பார்வைக் கோணத்திலோ 84 பாகையிலிருந்து 75 பாகைக்கு இறங்குவது. அகன்ற கோணத்தில் வரும் கதிர்கள் வில்லையின் ஓரங்களில் மிகச் சாய்ந்து நுழைகின்றன. புள்ளிக் குவியாமை புலக்கோணத்தின் இருமடியாகவும் உருத்திரிபு மும்மடியாகவும் வளர்வன. கடைசி ஒன்பது பாகைகளைக் கைவிட்ட வடிவமைப்பாளர், மிகக் கொடிய கதிர்களிலிருந்து விடுபட்டார். முன்வடிகட்டியின் விட்டம் 82 மி.மீட்டரிலிருந்து 67 மி.மீட்டராகச் சுருங்கியதும் இதனோடு தொடர்புடையது. எனவே டாம்ரானையும் சோனியையும் ஓரங்களில் ஒப்பிடுவோர் இருவரையும் 28 மி.மீட்டரில் நிறுத்தி ஒப்பிட வேண்டும். ஒருவரை அவருக்கு மிகக் கடினமான எல்லையிலும் மற்றவரை அவர் தேர்ந்துகொண்ட எளிய எல்லையிலும் நிறுத்துவது நேர்மையன்று.

பெயருக்கும் கைக்கும் உள்ள இடைவெளி இன்றும் தொடர்கிறது. நிக்கான் இசட் வகைக் கருவிகளுக்கு 28–75 எஃப் 2.8 வில்லை ஒன்றை 2021 இறுதியில் அறிவித்தது. 15 உறுப்புகள், 12 தொகுதிகள். டாம்ரானின் 2018 வில்லையிலும் அவ்வாறே 15 உறுப்புகள், 12 தொகுதிகள். குவியத் தொலைவும் துளையும் வடிகட்டி விட்டமும் ஒத்தவை. வேர் ஒன்றே என்று கொள்வதில் வல்லுநர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. சோனியோ நெடுங்காலமாகவே டாம்ரானின் பெரும் பங்குதாரர்களில் ஒன்று. தன்னிறுவனக் கண்ணாடி, பிறநிறுவனக் கண்ணாடி என்று கோடு கிழிப்பது இதற்கப்பால் எளிதாக இருக்குமா என்ன?

அப்படியானால் பிறநிறுவன வில்லை மங்கலானது என்னும் பேச்சு எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய்யன்று. 1970களிலும் 80களிலும் விலைக்காகவே செய்யப்பட்ட ஜூம் வில்லைகள் மிகுதியாகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பல உண்மையாகவே மங்கலானவை. ஆனால் வலுவான காரணம் வேறொன்று. 1985க்குப் பின் தன்னியக்கக் குவியம் பரவியது. கருவியும் வில்லையும் மின்னணு மொழியில் பேசிக்கொள்ளத் தொடங்கின. அந்த மொழியைப் பெருநிறுவனங்கள் வெளியிடவில்லை. பிறநிறுவனத்தார் அதனைக் கேட்டுக் கேட்டுத் தாமே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒளியைத் திருப்பும் ஆடி உள்ள கருவிகளில் குவியத்தை அறியும் உணரி ஓரிடத்திலும் படம் பதியும் உணரி மற்றோரிடத்திலும் இருந்ததால், வில்லை சற்றே முன்னோ பின்னோ குவிந்து நின்றுவிடும் வாய்ப்பு எப்போதும் இருந்தது. சிக்மாவின் பழைய வில்லைகள் சில, கேனனின் பின்வந்த கருவிகளில் இயங்காமலே போயின.

குவியப்பிழை எத்துணைச் சிறிதாயினும் கூர்மையைக் கெடுக்கும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு. எஃப் 2.8இல் உணரியை அடையும் ஒளிக்கூம்பில், குவியும் இடம் உணரியைவிட்டு 0.011 மி.மீ. விலகினால் போதும், புள்ளி விரிந்து 6.1 கோடி படப்புள்ளி உணரியின் ஒரு படப்புள்ளி அகலத்தை நிரப்பிவிடும். தலைமயிர் ஒன்றின் தடிமனில் ஆறில் ஒரு பங்குதான் அந்த விலகல். அன்று பலர் மங்கல் என்று பழித்த வில்லைகளில் கண்ணாடிக்குக் குறையே இல்லாதிருந்திருக்கலாம். கைமுறையில் குவியமிட்டுப் பார்க்காமல் தன்னியக்கத்தை நம்பி எடுத்த படங்களைக் கொண்டு தீர்ப்பெழுதியவர்கள், குவியத்தின் பிழையைக் கண்ணாடியின்மேல் சுமத்தினர். சிக்மா 2013இலும் டாம்ரான் அதன் பின்னரும் வில்லையைக் கணினியோடு இணைத்துக் குவியத்தை நேர்செய்யும் துணைக்கருவிகளை வெளியிட்டது இந்தத் துன்பத்தைத் தீர்க்கவே. ஆடியற்ற (மிரர்லெஸ்) கருவிகளில் படம் பதியும் உணரியே குவியத்தையும் அறிவதால் இந்தப் பிழையின் வேர் பெரிதும் அறுந்தது. பிறநிறுவன வில்லைகளின் மதிப்பு கடந்த பத்தாண்டில் திடீரென உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

இனி, ஒப்பீடுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் என்னை மிகுதியும் உறுத்துவதுமான செய்திக்கு வருகிறேன். ஒரே வகையின் ஒவ்வோர் உருப்படியும் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. இருபது உறுப்புகள் பல தொகுதிகளாக நகரும் ஒரு கருவியில், ஓர் உறுப்பு மையத்தைவிட்டு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு விலகினாலே, சற்றே சாய்ந்து நின்றாலே, படத்தின் ஒரு மூலை மற்ற மூன்றைவிட மங்கும். தொழிற்கூடம் தனக்கென ஒரு பொறுதி எல்லை வகுத்துக்கொள்ளும். அதற்குள் விழுந்தவை எல்லாம் நல்ல வில்லைகளாகவே வெளியேறும். அமெரிக்காவில் வில்லைகளை வாடகைக்கு விடும் லென்ஸ்ரென்டல்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த ரோஜர் சிக்காலா, ஒவ்வொரு வகையிலும் பல உருப்படிகளை ஒளியியல் அளவை மேடையில் ஏற்றி அளந்து, சராசரியையும் அதைச் சுற்றிய சிதறலையும் சேர்த்தே வெளியிட்டார். ஒளிப்பட உலகுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. நிலைக்குவிய வில்லைகளைவிட ஜூம் வில்லைகளில் உருப்படிக்கு உருப்படி வேறுபாடு மிகுதி என்பதையும், ஒரு முனையில் சிறந்த உருப்படி மறுமுனையில் அவ்வாறு இருக்க வேண்டியதில்லை என்பதையும் அந்த அளவீடுகள் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தன.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஓர் ஆய்வாளர் சோனி ஒன்றையும் சிக்மா ஒன்றையும் வாங்கி ஒப்பிட்டு, 70 மி.மீட்டரில் சோனி மேல் என்று எழுதுகிறார். அவர் அளந்தது இரண்டு வகைகளை அன்று, இரண்டு உருப்படிகளை. இரு வகைகளின் சராசரிகளுக்கிடையே உள்ள தொலைவு சிறிதாகவும் ஒவ்வொரு வகைக்குள்ளும் உள்ள சிதறல் பெரிதாகவும் இருக்கையில், மறுநாள் வேறு இரண்டு பெட்டிகளைப் பிரித்தால் முடிவு தலைகீழாகலாம். ஒற்றை உருப்படியைக் கொண்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் வழங்குவது அறிவியல் முறைக்கு ஏற்றதன்று. சிக்மா 2012இல், தன் ஃபோவியான் உணரியைக் கொண்டு ஏ1 என்னும் அளவை இயந்திரத்தைச் செய்து, புதிய வரிசை வில்லைகள் ஒவ்வொன்றையும் அதில் சோதித்தே அனுப்புவதாக அறிவித்தது. மலிவானவர் கவனமற்றவர் என்னும் எண்ணத்துக்கு இது நல்ல மறுமொழி.

வாங்கிய வில்லையைத் தாமே சோதிக்க விரும்புவோர்க்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். நெருக்கத்தில் ஒட்டிய தாளைப் படமெடுப்பதைவிட, நூறு மீட்டருக்கு அப்பால் உள்ள நுண்விவரம் மிக்க ஒரு பொருளைத் தேர்வது நன்று. காலை வேளையே ஏற்றது. வெயில் ஏறினால் கானல் அலைகள் விவரத்தைக் கரைத்துவிடும். கருவியை முக்காலியில் ஏற்றி, அதிர்வு தணிக்கும் அமைப்பை அணைத்து, சில நொடித் தாமதத்தோடு படமெடுக்க வேண்டும். அதே பொருளை நடுவிலும், பின்னர் நான்கு மூலைகளிலும் விழுமாறு கருவியைத் திருப்பி எடுத்தால், மூலைகளை ஒன்றோடொன்று நேர்மையாக ஒப்பிடலாம். ஒவ்வோர் இடத்திலும் திரையைப் பெரிதாக்கிக் கைமுறையில் குவியமிட்டு, சில படங்கள் எடுத்து அவற்றுள் சிறந்ததையே கணக்கில் கொள்ள வேண்டும். நடுவில் குவியமிட்டு எடுத்த படத்தில் நான்கு மூலைகளும் ஒரே அளவில் மங்கினால் அது புல வளைவாக இருக்கலாம். மூலையிலேயே குவியமிட்டால் அது தெளியும். ஒரு மூலை மட்டும் எவ்வாறு குவியமிட்டும் தெளியாவிட்டால் உறுப்பொன்று மையம் தவறி நிற்கிறது.

இரு வில்லைகளை ஒப்பிடும்போது மேலும் சில கண்ணிகள் உண்டு. 70 என்று பொறித்திருக்கும் இரு வில்லைகளின் உண்மைக் குவியத் தொலைவு சற்றே வேறுபடும். உருவம் பெரிதாக விழும் வில்லையில் விவரமும் கூடுதலாகத் தெரியும். எனவே வளையத்தில் உள்ள எண்ணைப் பாராது, படத்தில் பொருளின் அளவைச் சமன்செய்ய வேண்டும். ஒரே எஃப் எண்ணிலும் இரு வில்லைகள் கடத்தும் ஒளி ஒத்திராது. சற்று வெளிச்சமான படம் கூர்மையாகத் தோன்றிக் கண்ணை ஏய்க்கும். கருவி தானே உருத்திரிபை நேராக்கும்போது மூலைகளை இழுத்து நீட்டுகிறது. அதனால் அங்கே விவரம் குறையும். திருத்தம் ஒரு வில்லைக்கு நடந்து மற்றதற்கு நடவாத படங்களை அருகருகே வைப்பது வீண். மூலக்கோப்பில் எடுத்து, ஒரே அளவு கூராக்கலோடு திறப்பதே வழி.

கூர்மைக்கு அப்பால் தன்னிறுவன வில்லை தருவன சில உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. சோனியின் விரைவுக் கருவியாகிய ஆல்ஃபா 9 மூன்றாம் பதிப்பு நொடிக்கு 120 படம் எடுக்கும். பிறநிறுவன வில்லை பூட்டினால் அது 15இல் நின்றுவிடும். இது கண்ணாடியின் குறை அன்று, இசைவின் வரம்பு. விளையாட்டுப் படமெடுப்போர்க்கு இந்த ஒன்றே போதிய காரணம். குவியம் நகரும்போது உருவம் பெருத்துச் சிறுப்பதைச் சரிசெய்யும் சோனியின் வசதியும் அதன் சொந்த வில்லைகளுக்கே உரியது. காணொளி எடுப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கேனனோ தன் ஆர்எஃப் வளையத்தை நெடுநாள் மூடியே வைத்திருந்து, 2024இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும், அதுவும் சிற்றுணரிக் கருவிகளுக்கான வில்லைகளுக்கு, கதவைச் சற்றே திறந்தது. விலை குறையாதிருக்கவும் பயனரின் தெரிவு சுருங்கவும் இத்தகைய மூடிய வளையங்களே காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மண்டபத்தில் படமெடுப்பவர்க்கு ஒரு கணக்கு. மூன்று மீட்டர் தொலைவில் நிற்பவரின் கை நொடிக்கு அரை மீட்டர் அசைகிறது. வில்லை 70 மி.மீட்டரில், திறப்பு நேரம் நொடியில் 125இல் ஒரு பங்கு. அதற்குள் கை 4 மி.மீ. நகரும், உணரியில் அது ஏறத்தாழ 0.095 மி.மீ., அதாவது 3.8 மைக்ரான் படப்புள்ளிகள் 25. இரு வில்லைகளின் கூர்மை வேறுபாடு ஒன்றிரண்டு படப்புள்ளிக்குள் அடங்குவது. ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் அசைவும் மூன்று படப்புள்ளியாகச் சுருங்கும். வில்லையில் மிஞ்சிய பணத்தை நல்ல ஒளிவிளக்குக்குச் செலவிடுவோரின் படங்கள் கூர்மையாக அமைவது இதனால்தான்.

நல்ல உருப்படி கிடைத்த பின்னும் கவனம் வேண்டும். ஜூம் வில்லையின் தொகுதிகள் உருளைகளின்மேல் ஊர்கின்றன. நாள்பட்ட பயனிலும், ஒரு வீழ்ச்சியிலும், பையில் இடித்த இடியிலும் அவை நிலை பெயரக்கூடும். வெளியே கீறலின்றி உள்ளே சாய்ந்துபோன வில்லைகள் பல. வாங்கிய வாரத்திலேயே 24, 35, 50, 70 ஆகிய நிலைகளில், முழுத்துளையில், நான்கு மூலைகளையும் படமெடுத்துக் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது. மூலை ஒன்று தவறியிருந்தால் மாற்றித் தரக் கேட்கும் காலவரம்பு அப்போது கடந்திருக்காது. பின்னாளில் ஐயம் எழும்போது பழுதுநீக்குவோரிடம் காட்டவும், தேயாத வில்லையைத் தேய்ந்ததென்று எண்ணி விற்காதிருக்கவும் அந்தக் கோப்பே சான்று.